எட்டுப் போடுதல்

மைதானத்தில் சுண்ணாம்பால் கீறிய ஓர் எட்டு.
இரவு பெய்த மழையில்
அதன் ஒரு வயிறு பாதி கரைந்துபோயிருக்கிறது.
கால் ஊன்றினால் பெயில் என்கிறார் பரிசோதகர்,
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.

எனக்கு முன்னால் பதினொரு பொடியன்மார்.
எல்லாருக்கும் மீசை இப்போதுதான் வருகிறது.
எனக்கு நாற்பத்து நாலு. கூட்டிப் பாருங்கள்.
பிறந்தது இருபத்தாறாம் திகதி.
அதையும் கூட்டிப் பாருங்கள்.

கூட்டித்தான் பார்த்தார்கள்.
கலியாணம் பேசி வந்த முதல் வீட்டார்
விரல் மடக்கிக் கூட்டிவிட்டு
தேத்தண்ணியைப் பாதியில் வைத்து எழும்பினார்கள்.
இரண்டாவதாய் வந்தவருக்குக் கணக்கு வராது.
அவரைத்தான் கட்டினேன்.
பதினாறு வருசம்.
இதைக் கூட்ட வேண்டாம், எட்டால் வகுங்கள்,
மிச்சம் வராது.
மறுகா, சீனி வருத்தம்.

எட்டுச் செலவன்று
அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம்.
"எட்டுக்காரி,
எட்டிலேயே கொண்டுவந்து விட்டிட்டாள்"
என்றாள் மச்சாள், குசினிக்குள் நின்று,
என் காதுக்கு எட்டட்டும் என்றே.

அன்று படைத்ததில் நண்டும் இருந்தது.
நண்டுக்கு நடக்க எட்டு, கடிக்க இரண்டு.
எட்டும் இரண்டும் அறியாதவள் என்று
யாரையும் சொல்லுங்கள், என்னைச் சொல்லாதீர்கள்.
விடிய நாலு மணிக்கு வாவிக்கரையில் குந்தியிருந்து
அந்த இரண்டையும் கயிற்றால் கட்டுகிறவள் நான்.
இரண்டைக் கட்டினால்
எட்டும் தன்பாட்டில் அடங்கும்.

ஏறாவூரில் பழைய ஸ்கூட்டி ஒன்று நின்றது.
நம்பர் பிளேட்டைத் துடைத்தபடி
விற்கிறவர் தானாகவே சொன்னார்:
"நாலு, ஒண்டு, ரெண்டு, ஒண்டு.
நான் நம்புறல்ல தங்கச்சி,
வாங்க வாறவங்க நம்புறாங்க.
ரெண்டு வருசமா நிக்கிது."
கூட வந்திருந்தாள் ரிஸ்மியா.
காத்தான்குடியில் சட்டை தைக்கிறவள்,
போன மாதம் லைசன்ஸ் எடுத்தவள்.
"சொர்க்கத்துக்கு எத்தின வாசல், காக்கா?"
"எட்டு" என்றார் அவர், சட்டென்று.
சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது அவருக்கு.
"விலைய ஏத்திப்போடாதீங்க" என்றாள் இவள்.
முப்பதாயிரம் குறைத்தார்.
என் வாழ்க்கையில்
எட்டு எனக்குத் தந்த முதல் காசு.

பெயர் கூப்பிடுகிறார்கள்.
கோமளேஸ்வரி என்பதை
மூன்றாய் உடைத்துக் கூப்பிடுகிறார்கள்.

நான் கட்டை.
பஸ் படி எட்டாது, கடைத் தட்டு எட்டாது,
எட்டாம் ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடமும் எட்டவில்லை.
ஸ்கூட்டியில் ஏறி இருந்தால்
பெருவிரல் நுனிதான் நிலத்தில்.
இன்றைக்கு மட்டும் அது வசதி:
ஊன்ற நினைத்தாலும் எட்டாது.

ஏழு பொடியன்மார் ஊன்றிவிட்டார்கள்,
எல்லாரும் ஒரே இடத்தில்.
எட்டின் இடுப்பு அது.
வந்த கோடும் போகிற கோடும்
ஒன்றையொன்று வெட்டுகிற இடம்.
எந்தப் பக்கம் திரும்புவது என்று
கை ஒரு கணம் யோசிக்கும்.
யோசித்தால் கால் இறங்கும்.

நான் அவரை நினைத்துக்கொண்டேன்
என்று சொல்ல ஆசைதான்.
மச்சாளை, பாதித் தேத்தண்ணியை
நினைத்தேன் என்றும் சொல்லலாம்.
உண்மையில் நினைத்தது,
பின்னுக்குப் பெட்டி பூட்டினால்
கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று
கல்லடிப் பாலத்தில் என் முதுகில் ஏறாமல்
மூடியை எப்படி இறுக்குவது என்று.

அதற்குள் இடுப்பு கழிந்துவிட்டது.

பரிசோதகர் கை காட்டுகிறார், போதும்.
எட்டுக்கு எது தொடக்கம், எது முடிவு?
இன்னும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிறுத்தினேன்.

இறங்கித் திரும்பிப் பார்த்தால்
மழை கரைத்த அந்தப் பக்கத்தை
என் டயர் சேற்றில் கீறியிருக்கிறது,
கொஞ்சம் கோணலாய்.

பன்னிரண்டாவது பொடியன்
அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.