மாரிக்கு முன்

கச்சான் நின்று மூன்று நாள்.
மட்டிக்களிப் பக்கம் வானம் சாம்பல் கட்டுகிறது.
இன்று போயா, லீவு.
அலுமாரியின் இரண்டு கதவையும்
அகலத் திறந்துவிட்டேன்.

உப்புக்காற்று உள்ளேயும் குடியிருந்திருக்கிறது.
ஹாங்கர் கம்பி துருப்பிடித்து
வெள்ளைச் சேட்டின் இரு தோளிலும்
மண்ணிறப் பிறை.
பூச்சி உருண்டைகள் கரைந்து
மிளகளவு.

சாரங்கள் கட்டிலில்.
இடுப்புக் கொள்ளாத சுரிதார்கள் கதிரையில்
(அடுத்த வருசம் கொள்ளும் என்று
போன வருசமும் சொன்னேன்).
மாரிக்குத் துவாய் நிறைய வேணும்,
அவை முன்தட்டில்.

நடுவில் அது.
கனடாவுக்கென்று கொழும்பில் வாங்கிய
கறுப்புக் கம்பளிக் கோட்டு.
விசா இரண்டு தரம் இல்லையென்று வந்த பிறகும்
நாலு சேட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு
போக மறந்த விருந்தாளி மாதிரி.

"அது கிடக்கட்டும்" என்றார் இவர்
பேப்பரை இறக்காமல்.

கிடக்கட்டும்தான்.
இருக்கிற வெயிலில் விரித்தேன்.
கொடி தாழ்ந்தது.

பக்கத்து வளவு றிஸ்மின்
மதிலால் எட்டிக் கேட்டான்:
"அக்கா, இது விக்கிறதா?"
கொட்பே ஐஸ் அறையில் அவனுக்கு இரவு வேலை.
இரண்டு சாக்குப் போர்த்தியும்
பல்லுக் கிட்டுதாம்.

நான் இவரைப் பார்த்தேன்.
பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.
பிறகு இன்னொரு பக்கம்.
"பொத்தான் ஒன்று தளர்ந்திருக்கு,
தைச்சுக் குடு."

இரவு முதல் மழை இறங்கியது.
தகரமெல்லாம் சத்தம்.
நித்திரை என்று நினைத்திருந்தேன், இருட்டில் கேட்டார்:
"போட்டிருப்பானா?"

"கோட்டின் கை அவனுக்கு நீளம்."

"மடிச்சு விடலாம்."