நாலா, அஞ்சா

தை மாதம் கேத்தியில்
கண்ணாடி மேல் உப்பாய்ப் படியும் உறைபனியைச்
சுரண்ட ரேஷன் கார்டுதான் எனக்குத் தோது.
மூன்றரை மணி.
பின்னால் இருபத்திரண்டு மூட்டை கேரட்,
கழுவிய ஈரம் சாக்கில் இன்னும் சொட்டுகிறது.
எஞ்சின் பிடித்தது.
முதல் கியர் விழுந்தது.
இரண்டாவது
வரவில்லை.
கடன் கேட்கப் போன வீட்டில்
உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவு மாதிரி.
அமுக்கினால் கர்ரென்று
பல்லைக் கடித்தது.

ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவித் தாவி
குன்னூர் தாண்டினேன்.
அங்கிருந்து பலகைகள்.
மஞ்சளில் கறுப்பாய், வளைவுக்கு வளைவு:
இரண்டாவது கியரில் செல்லவும்.
பதினான்கு தடவை சொல்கிறார்கள்.
பதினான்கு தடவையும் சரிங்க என்றேன்,
மூன்றாவதில்,
பிரேக்கை மிதித்தபடி.

பர்லியாரில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை.
பூட்டிக் கிடந்த பலாப்பழக் கடை முன் நிறுத்தி
சூடு ஆறும்வரை நின்றேன், டீ கூட இல்லை.
கிளம்பும்போது
சும்மா தொட்டுப் பார்த்தேன்.
விழுந்தது இரண்டாவது,
எதுவுமே நடக்காதது போல.
மேலே குளிரில் கல்,
கீழே வெக்கையில் தண்ணீர்.
கல்லார் வரை அதைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

திரும்பும்போது கோத்தகிரி வழி.
கட்டபெட்டில் ஜோகியின் ஷெட்.
அடித் திருகைக் கழற்றினான்.
தட்டில் கறுப்பாய் இறங்கியது எண்ணெய்,
டார்ச் அடித்ததும்
உள்ளே பொன்தூள்.
ஒரு நொடி எனக்கு அழகாகத்தான் இருந்தது.
"பித்தளை, மரகதம். உன் சிங்க்ரோ வளையம்."
பல்லும் பல்லும் மோதாமல்
நடுவில் நின்று சமாதானம் பேசும் வளையம்.
அதை அரித்திருக்கிறது எண்ணெயில் இருக்கும் கந்தகம்.
"அஞ்சை யார் ஊத்தினது?"

கொழுந்தன் தயாநிதி.
தீபாவளி போனஸில்
மேட்டுப்பாளையத்தில் இருப்பதிலேயே விலை கூடிய கேன்.
ஜிஎல் நாலும் இருந்ததாம், அஞ்சும் இருந்ததாம்.
நாலைவிட அஞ்சு பெருசுதானே அண்ணி?
மார்க்கில் அப்படித்தான். சம்பளத்தில் அப்படித்தான்.
நானும் தலையாட்டினேன்.
ஜோகியிடம்
யாரோ, என்றேன்.

டேஷ்போர்டு பெட்டியில்
மாரியம்மன் படத்துக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் அடியில்
வண்டியோடு வந்த புத்தகம்.
ஆறு வருடமாய்ப் பிரிக்காதது.
நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் ஒரே வரி:
எழுபத்தைந்து டபிள்யூ எண்பது, ஜிஎல் நாலு.
டபிள்யூ என்றால் குளிர்காலமாம்.
கம்பெனிக்காரனுக்கு நம் தை மாதம் தெரிந்திருக்கிறது.
முன்னால் நிற்கும் எண் கேத்திக்கு.
பின்னால் நிற்பது பர்லியாருக்கு.
விலை இருநூறு ரூபாய் குறைவு.
அந்த இருநூறுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சீட்டுக்குப் பின்னால் மிச்சக் கேன்,
பாதிக்கு மேல் இருந்தது.
எறியவும் மனமில்லை, வைக்கவும் பயம்.
ஜோகி அதைப் பிடுங்கிக்கொண்டு
வண்டியின் பின்பக்கம் போய்ப் படுத்தான்.
"பின் ஆக்சிலுக்கு இதுதான்.
இங்கே பல் மேலே பல் வழுக்கி நசுக்கும்,
பித்தளையே கிடையாது.
இங்கே போய் நாலை ஊத்தினா
அழும்."
அஞ்சுக்கும் இடம் இருந்திருக்கிறது
அதே வண்டியில்,
ஆறடி தள்ளி.

ராத்திரி சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தான் தயாநிதி.
"எண்ணெய் எப்படி ஓடுது அண்ணி?"
"நல்லா ஓடுது," என்றேன்.
எந்த இடத்தில் என்று அவன் கேட்கவில்லை.
ரசம் ஊற்றினேன்.

தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான்.
புது எண்ணெய் அதை வளர்த்துவிடாது.
அவசரப்பட்டால் இன்னும் உறுமுகிறது.
அரை மூச்சு
காத்திருந்தால் வருகிறது.
இன்று புல்லெல்லாம் வெள்ளை,
சாக்கில் ஈரம்,
குன்னூர் தாண்டி முதல் பலகை.
சரிங்க, என்றேன்.
காத்திருந்தேன்.
விழுந்தது.
இன்னும் பதின்மூன்று.