நான்காம் எண் சாவி

சாவியைத் தருமுன் ஒன்று சொல்ல வேண்டும்.
நீங்கள் பதிவு செய்திருப்பது மோர்ப்பானை காட்டேஜ்.
மோரும் இல்லை, பானையும் இல்லை.
சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா
அந்துவான் தைரியநாதன்
பென்ஷன் பிராங்கில் ஏரிக்கரையில் கட்டிய முதல் வீடு.
'மோன் ரெப்போ' என்று பேர் வைத்தார்.
பத்துக்கண்ணு ஆட்கள் காதில் விழுந்தது மோர்ப்பானை.
ஒரு வருஷம் திருத்தினார்.
பிறகு தபாலே அந்தப் பேருக்கு வந்தது.

அவருக்குப் பின் ஒன்று ஐந்தாகி,
ஐந்து பதினொன்றாகி,
பெடல் படகும் வந்தது.
அன்னங்கள் ஆறு, மிதப்பவை மூன்று,
அதிலொன்று இடப்பக்கமே சுற்றும்;
புதுசாகக் கல்யாணமானவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.
விடியலில் எழுந்தால் நாமக்கோழி.
தையில், அதிர்ஷ்டம் இருந்தால், பூநாரை.
டவர் வேண்டுமென்றால் மதகு மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கோடு இருக்கும்.
அழுக்கென்று துடைக்காதீர்கள்.
புயல் வருஷம், கார்த்திகை,
இரவு இரண்டு மணிக்கு
ஏரியே வந்து நான்காம் எண்ணில் தங்கியது.
மூன்று நாள். முன்பதிவு கிடையாது.
கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டது.
போகும்போது குளியலறையில்
ஒரு விரால் குஞ்சை மறந்துவிட்டுப் போனது.

முதலாளி வெள்ளையடிக்கச் சொன்னார்.
அடித்தேன்,
கோட்டுக்கு மேலே மட்டும்.

பதிவேட்டில் நானே எழுதி வைத்தேன்:
பெயர், ஊசுட்டேரி.
முகவரி, இதேதான், எங்களுக்கும் முன்பிருந்து.
வந்த நோக்கம்
என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்தாருங்கள் பேனா.
அதற்கு அடுத்த வரி உங்களுடையது.