மறைப்பு

விரல் நகம் அளவுச் சில்லு.
பெங்களூரிலிருந்து ஈரம் புகாத உறையில் வந்தது.
கூடவே இருந்த தாளில்,
கம்பிகளையெல்லாம் பின்பக்கம் தள்ளிவிட்டோம்,
ஒளி நுழையும் வாசலில் இனி எதுவும் குறுக்கே நிற்காது
என்று எழுதியிருந்தது.
ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தால் போதுமாம்,
கீழணையில் ஷட்டரைத் தூக்கினாற்போல்
உள்ளே பாய்ந்துவிடும் மின்சாரம்.

பழைய கொள்ளிடத்தில், ஒத்தப்பனைத் துறையில்,
முதலைக்காகக் கட்டினோம்.
சித்திரையில் ஒரு ஆடு போயிற்று.
வைகாசியில், குளிக்க இறங்கியவரின் முழங்கால்.
முந்தைய கேமராவுக்கு அகச்சிவப்பு விளக்கு வேண்டும்.
விளக்குக்குப் பூச்சி வரும்,
பூச்சிக்குச் சிலந்தி வரும்,
சிலந்தி லென்ஸின் குறுக்கே குடித்தனம் வைக்கும்.
மூன்று மாதம் நாங்கள் கண்காணித்தது
சிலந்தியின் வயிற்றை.

இதற்கு விளக்கு வேண்டாம்.
அமாவாசையன்று சோதித்தேன், மேகமும் போட்டிருந்தது.
நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை.
திரையில் நாணல் பச்சையாக இருந்தது.
பச்சை!
இரவில் நாணல் கறுத்துவிடும் என்றுதான்
முப்பத்து நான்கு வருஷமாக நம்பியிருந்தேன்.
அது ஒருநாளும் கறுத்ததில்லை.
யாரோ விட்டுப்போன உரச்சாக்கு மஞ்சளாகவே கிடந்தது.
எதிர்க்கரையில் டிராக்டர் டிரெய்லரின் நீலம்,
அதன்மேல் தூங்கும் ஒருவரின் உள்ளங்கால்.
மூலையில் மட்டும் சில புள்ளிகள் நெளிந்தன.
எங்கள் தொழிலில் அதற்கு இரைச்சல் என்று பெயர்.
சத்தமே இல்லாத இரைச்சல்.

இரண்டு நாற்பதுக்கு அஞ்சலாட்சி வந்தாள்.
பெயர் அப்போது தெரியாது.
பறியின் கழுத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
இடுப்பளவு நீரில் குனிந்து
இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போனாள்.
இறால் அகப்படும்போது தோள் லேசாக ஏறும்.
அவளுக்கு எந்த லக்ஸ் கணக்கும் தேவைப்படவில்லை.
நாலரைக்குக் கரையேறி
நாலு பக்கமும் பார்த்தாள்.
ஒன்றும் தெரியவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு
ஈரப் புடவையை அவிழ்க்கத் தொடங்கினாள்.
முந்தானை அரக்குச் சிவப்பு.

மடிக்கணினியை மூடினேன்.
மூடினால் என்ன, பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விடிந்ததும் அந்தப் பதிவை அழித்தேன்.
படிக்கட்டின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டேன்.
அறுபதாயிரம் ரூபாய்ச் சில்லு விரட்டிய இருட்டை
ஒரே சொடுக்கில் திரும்ப அழைத்து உட்காரவைத்தேன்.
நல்ல காரியம் செய்ததாக டீ குடித்தேன்.
வனக்காவலர் சிங்காரவேல் திரையை எட்டிப் பார்த்து
"சார், அது ஏறி வர்றதே அந்தப் படியோரந்தான்" என்றார்.

அவளிடமே போய்ச் சொன்னோம்.
நான் முதலையில் ஆரம்பித்து
சென்சார், அரசாங்கம், பாதுகாப்பு என்று
ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன்.
அவள் கேட்டது இரண்டே கேள்வி.
"தண்ணிக்குள்ள கெடந்தா தெரியுமா?"
தெரியாது. மூக்கோ கண்ணோ மேலே வந்தால்தான்.
"என்னய எத்தினி பேரு பாத்தீங்க?"
நான் ஒருத்தன்தான், என்றேன்.
அப்போது அவள் பார்த்த பார்வையை
எந்தச் சில்லும் பதிய முடியாது என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
பொய். நன்றாகவே பதியும்.

"கட்டத்த எடுத்துடு" என்றாள்,
பறியில் அறுந்திருந்த ஓலையைச் சரிசெய்தபடி.

எடுத்துவிட்டேன்.
அன்றிரவு ஒன்றரைக்கே வந்தாள்.
படிக்கு மேலே, ஆற்றை மறைக்காத இடமாகப் பார்த்து
இரண்டு மூங்கில் நட்டு
குறுக்கே ஒரு பழம்புடவையைக் கட்டினாள்.
கேமராவை நேராகப் பார்த்தபடி
முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
பிறகு பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள்.

காற்றில் அந்தப் புடவை உப்பி அடங்குகிறது.
கத்தரிப்பூ நிறம்.
ஓரத்தில் ஒரு கிழிசல்,
அதை வெள்ளை நூலில் தைத்திருப்பதுவரை தெரிகிறது.
அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரிவதில்லை.

முதலை இன்னும் வரவில்லை.
இரண்டு நாற்பதிலிருந்து நாலரை வரை
தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
இத்தனை புள்ளிகளுக்கு நடுவே
நெளியாத இரண்டைத் தேடி.