தூ என்று தொடங்கிய சொல்

விடியுமுன் மூன்றரைக்கு
சளி இழுக்கும் மெஷினைப் போடுவேன்.
ஜெலுத்தோங்கில், பதினோராம் மாடியில்,
எங்கள் வீட்டுச் சேவல் அதுதான்.
பக்கத்து வீட்டு ஊய் அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை.
வெள்ளிக்கிழமை கஞ்சி கொண்டுவருவாள், எனக்கு மட்டும்.
எமரன்சிக்குக் குழாயில் பால்.
எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று
மிஸ்ஸி எழுதிக் கொடுத்த தாள்
ஃபிரிட்ஜ் கதவில், திரு இருதயப் படத்துக்குக் கீழே.

முப்பத்தோரு வருஷம் ஃபெரியில் கயிறு கட்டியவன் நான்.
பட்டர்வொர்த், தீவு, பட்டர்வொர்த், தீவு.
அலை எப்படித் தள்ளினாலும்
இரும்புக் குத்தியில் இரண்டு சுற்று;
கப்பல் நிற்கும்.
இப்போது தூக்குத்துணியின் வாரை
அவள் தொடைக்கடியில் விட்டு இழுக்கும்போது
கை அதே முடிச்சைத் தேடுகிறது.
எதில் கட்டுவது?

வியாதி முதலில் கட்டைவிரலை எடுத்தது.
கோயிலில் ஜெபமாலை நழுவி விழ,
தூங்கிட்டியா என்று கேட்டுச் சிரித்தேன்.
பிறகு கரண்டி. பிறகு மாடிப்படி.
பிறகு என் பெயர்.
கஸ்பார் என்பதில் இரண்டு ‘ஆ’ மட்டும் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது.
டாக்டர் மலாயில் சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார்.
தமிழில் அவளிடம் நான்தான் சொன்னேன்,
கார் பார்க்கில், கட்டணம் ஏறிக்கொண்டிருக்க.

பொய் சொல்ல மாட்டேன்.
பரலோக மந்திரத்தில் ஒரு வரியை
ஒரு வருஷமாக விட்டுவிடுகிறேன்.
‘சித்தம்’ வரும் இடத்தில் இருமுவேன்.
அவளுக்குத் தெரியும்.
காதும் கண்ணும் அவளுக்கு அப்படியே இருக்கின்றன.

ஞாயிறு மதியம் தொபியாஸ் அண்ணன் நன்மை கொண்டுவருவார்.
அப்பத்தில் கடுகளவு கிள்ளி,
கரண்டித் தண்ணீரில் கரைத்து,
அவள் நாக்கில் ஒரு சொட்டு.
மீதியை என்னிடம் நீட்டுவார்.
பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்பேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியின் சத்தம் மட்டும்.
பிறகு அவரே உட்கொள்வார்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா.
போக வழியில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினேன்.
தூரத்தில் பாலத்து விளக்குகள்.
“பார், மெழுகுவர்த்திப் பவனி” என்றேன்.
கண்ணைச் சுருக்கினாள்.
பொய் பிடிபட்டால் முன்பும் அப்படித்தான்.

அன்றிரவு பலகை கேட்டாள்.
உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு.
நான் விரலை நகர்த்த, வேண்டிய இடத்தில் இமைப்பாள்.
தமிழுக்கு எதற்கு இத்தனை எழுத்து என்று
இந்த வயதில் கோபம் வந்தது.

த். இமைத்தாள்.
அ, ஆ, இ, ஈ, உ, ஊ.
தூ.
என் நெஞ்சு முந்திக்கொண்டது.
தூய ஆவியா?
இல்லை.
தூதரா?
இல்லை.
தூம்பாவா என்று கேட்க வாய் வரவில்லை.
விரலை மெய்யெழுத்து வரிசைக்குக் கொண்டுபோனேன், மெதுவாக,
அந்த எழுத்து வந்துவிடக் கூடாதென்று.

ங்.
க்.
உ.

தூங்கு.

எனக்கு.

தோட்டத்தில் இரத்தம் வியர்த்தவர்
நண்பர்களை விழித்திருக்கச் சொன்னார்.
அவர்களால் முடியவில்லை, வருந்தினார்.
இவள் நான் விழித்திருப்பதற்கு வருந்துகிறாள்.
“ஆண்டவரே, யார் பேச்சைக் கேட்பது?” என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
சுவரில் பல்லி அசையவில்லை.

அலாரத்தை மூன்றரைக்கு வைத்தேன்.
கட்டிலருகே பாயை விரித்தேன்.
பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன்.
அந்த வரி வரை போனேனா, தெரியாது.

அலாரம் கூவியபோது
பாலத்தில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.
தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
விழித்திருந்தாள்.
எத்தனை மணி நேரமாகவோ
என்னையே பார்த்துக்கொண்டு.