இடப்பக்கம் திரும்பினால்

இடப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால்
தானாக ஹாரன் அடிக்கும்.
மேடவாக்கம் கூட்ரோட்டில்
நான் கோபக்காரி என்று பெயர்.
முறைப்பவரிடம் கண்ணாடியை இறக்கி
'நானில்லை, வண்டி' என்று சொல்லலாம்தான்.
இறக்கிய கண்ணாடியை ஏற்ற
இரண்டு உள்ளங்கையும் வேண்டும்,
சிக்னல் அவ்வளவு நேரம் தராது.
முறைப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்து ஜென்.
நான் மூன்றாவது ஓனர்.
சீட்டு எடுத்த பணத்தில்
அறுபத்தெட்டாயிரம் வண்டிக்கு,
மிச்சத்தில் முன்பக்கம் இரண்டு டயர்.
பின்பக்க டயர்களுக்கு இன்னொரு சீட்டு ஆயிற்று.

லேபில் இலவசமாய்த் தந்த டைரியில்
எல்லாம் எழுதி வைக்கிறேன்.
கிளட்ச் பிளேட் நாலாயிரத்து இருநூறு.
ரேடியேட்டர் ஓஸ், தணிகாசலம் கூலி சேர்த்து
அறுநூற்றைம்பது.
புதுப்பேட்டையில் சைடு மிரர்,
வலது கேட்டு இடது வந்து
மறுபடி போன ஆட்டோ காசும் சேர்த்து ஐந்நூற்றுப் பத்து.
பசுமை வரி.
எஃப்சிக்காக அடித்த பெயின்ட்,
எஃப்சி முடிந்த மூன்றாம் நாள்
ஒரு தண்ணீர் லாரி எடுத்துக்கொண்டு போன பெயின்ட்.
ஏசி கேஸ் என்று எழுதி, அடித்துவிட்டேன்.
சித்திரையில் கழுத்தில் ஈரத் துண்டு.
அதற்குச் செலவில்லை.

கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு
இரண்டாயிரத்துச் சொச்சம்.
பெட்ரோல் தனி.
பெட்ரோலைப் பற்றிப் பேச வேண்டாம்.

மெர்லின் புது வண்டி எடுத்தாள்.
ஏழு வருஷத் தவணை.
பின்னால் எது வந்தாலும்
கீச்கீச்சென்று சொல்லிவிடும் வண்டி.
வேளச்சேரியில்
பின்னால் எதுதான் வராது?
ஷேர் ஆட்டோ உரசிய அன்று
ரத்தம் எடுக்கும் அறையில்
சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.
என் கதவில் இன்னொரு கோடு விழுந்தால்
எது புதுசு என்று நானே தேட வேண்டும்.
மாநகரப் பேருந்துகூட
என்னை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் போகிறது.

ஆனாலும் ஷோரூமுக்கு ஒருமுறை போனேன்,
பொய் சொல்ல மாட்டேன்.
டை கட்டிய பையன்
தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
'இருபத்திரண்டு மேடம், அதுவும் உங்களுக்காக.'
நாலு டயரே எட்டாயிரம்ப்பா என்றேன்.
காபி கொடுத்தார்கள், குடித்தேன்.
வெளியே வந்து இடப்பக்கம் திரும்ப, அடித்தது.
முதல்முறையாக
நானும் சேர்ந்து அமுக்கினேன்.

போன செவ்வாய்
விஜயநகர் மேம்பாலத்து உச்சியில் நின்றுவிட்டது.
சாவியைத் திருப்பினால்
தொண்டையைச் செருமுகிறது, அவ்வளவுதான்.
நாலு பக்கமும் மின்னும் விளக்கு எனக்கு இல்லை.
டிக்கியைத் திறந்து வைத்தேன்,
அதற்கு அர்த்தம் ஊருக்கே தெரியும்.
பின்னால் சென்னை முழுவதும் ஹாரன் அடித்தது
இடப்பக்கம் திரும்பாமலேயே.

சாப்பாட்டுப் பை மாட்டிய பையன் ஒருவன்
பைக்கில் இருந்தபடியே
பம்பரில் கால் வைத்தான்.
'செகண்ட்ல போட்டு கிளட்ச்ச விடுக்கா.'
இறக்கம் எங்களை எடுத்துக்கொண்டது.
ஒரு உலுக்கல். இருமல். புகை.
பிடித்துக்கொண்டது.

பாலத்தடியில் பக்கத்தில் வந்து
கண்ணாடியைத் தட்டினான்.
நூறு ரூபாயை நீட்டினேன், பார்க்கவேயில்லை.
'குடுக்கறதா இருந்தா சொல்லுங்கக்கா.
அம்மாக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ்,
ஆட்டோக்கே மாசம் அஞ்சாயிரம் போவுது.'
யாருடைய பிரியாணியோ
அவன் முதுகில் ஆறிக்கொண்டிருந்தது.
இப்பத்தான நின்னுச்சு, பாத்தியே என்றேன்.
'ஓடுச்சுல்ல' என்றான்.

எண்ணை டைரியில் எழுதிக்கொண்டேன்.
பெயர் கேட்க மறந்து
பாலம் என்று போட்டிருக்கிறேன்.
அதற்கடுத்த வரி
பேட்டரி, மூவாயிரத்து எண்ணூறு.
பாலத்தை வரவில் வைப்பதா செலவிலா என்று
இன்னும் பிரிக்கவில்லை.
வேளச்சேரி வரை வலப்பக்கம் இறக்கிய கண்ணாடி
அன்றிலிருந்து ஏறவில்லை,
மழைக்காலத்துக்குள் பார்க்க வேண்டும்.