பதினோரு படி

ரொட்டி, எரிவாயு உருளை, காய்ச்சலில் துவண்ட திஃபென்
எல்லாம் இந்த ஏணியில்தான் ஏறி வந்தன.
பதினோரு படி. ஏழாவது ஆடும்.

பாத்திரம் கழுவுமுன் எட்டிப் பார்த்துக் கத்த வேண்டும்:
"கீழே யாராவது இருக்கீங்களா?"
ஒருநாள் மறந்துவிட்டேன்.
பக்கத்துப் படகு மெரியாடெக்கின் தலையில் மீன் சூப்.
துடைத்துக்கொண்டே, உப்புக் குறைவு என்றான்.

ஒரு கோடைக்கென்றுதான் கரையேற்றினோம்.
அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம்.
குல்வென் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டான்:
முந்நூற்றுப் பன்னிரண்டு.
உடைத்தால் வினிகர் வாடை.
உலரட்டும் என்றார்கள்.
பிரெத்தான் மழையில் எது உலரும்?
குழந்தையின் காலுறைகூட உலரவில்லை.

உள்ளே சண்டையிட்டால் அவள் விழித்துக்கொள்வாள்.
இறங்கிப்போய்
சுக்கானருகே நின்று சண்டையிட்டோம்.
பணம். உன் அம்மா வீடு. இன்னொரு குளிர்காலமா?
அவன் பதில் சொல்லாமல் தேய்த்தான்.
நானும் ஓர் உப்புத்தாளை எடுத்தேன்.
அந்த இடம் இப்போதும் சற்றுக் குழிவாக இருக்கும்,
தொட்டால் தெரியும்.

மூன்றாவது மே மாதம் பாரந்தூக்கி வந்தது.
முட்டுகள் அழுத்தியிருந்த இடமெல்லாம்
பெயிண்ட் காணாத சதுரங்கள்.
படகு அந்தரத்தில் தொங்கிய பத்து நிமிடத்தில்
ஆளுக்கொரு பிரஷ், மெரியாடெக்குக்கும் ஒன்று.
திஃபென் தன் முழங்கையையும் சேர்த்து
நீலமாக்கினாள்.

அன்றிரவு ஓதம் ஏறியது. கயிறுகள் முனகின.
ஒரு வயதில் ஏணியேறியவள், நாலு வயதில்
படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்:
"அம்மா, யாரோ வீட்டை ஆட்டுறாங்க.
அப்பாவை ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லு."